வெள்ளி ரயிலில் வந்த விருந்து

குவாலியரின் ஜெய் விலாஸ் அரண்மனையில் சாப்பாட்டு மேசையின் மேலேயே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அதில் நிற்பது ஒரு வெள்ளி ரயில். எஞ்சினுக்குப் பின்னால் ஏழு பெட்டிகள், பெட்டிக்கு ஓர் ஆங்கில எழுத்து. ஏழையும் சேர்த்துப் படித்தால் ‘சிந்தியா’ என்ற அரச குடும்பப் பெயர் வரும். பெட்டிகளில் கண்ணாடிக் குப்பிகள். சாப்பாடு முடிந்ததும் பிராந்தியும் போர்ட் ஒயினும் சுருட்டும் சுமந்துகொண்டு இந்த ரயில் ஒரு காலத்தில் விருந்தாளிகளுக்கு முன்னால் சுற்றி வந்தது.

அரண்மனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தர்பார் மண்டபத்துச் சரவிளக்குகளை அண்ணாந்து பார்க்கத்தான் போகிறார்கள். ஒவ்வொன்றும் மூன்றரை டன். அவற்றைத் தொங்கவிடுவதற்கு முன் கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளை மேலே ஏற்றி நிறுத்தினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சென்னை கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்ரயில் ஓட்டிப் பிழைத்தவன் நான். எனக்கு அந்த மேசையை விட்டு நகர மனம் வரவில்லை. ரயிலை வைத்துப் பரிமாறுகிற வழக்கம் இன்று ஐரோப்பாவின் வீட்டுத் தோட்டங்களிலும் நம் ஊர் உணவகங்களிலும் இருக்கிறது. அதன் பழைய கதையை விசாரித்துக்கொண்டு போனால் இந்த மேசைக்கு வராமல் தீராது.

ஆனால் முதலில் பிரான்சுக்குப் போக வேண்டும். சாக்லேட் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான காஸ்தோன் மெனியே 1880களிலேயே தன் வீட்டில் சின்ன மின்சார ரயில் ஒன்றை அமைத்திருந்தார். சமையலறையிலிருந்து உணவுத் தட்டுகள் அதில் ஏறி மேசைக்கு வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பவேரியாவின் அரசர் இரண்டாம் லுட்விக் வேறு வழி பிடித்தார். லிண்டர்ஹோஃப் அரண்மனையில் அவருடைய சாப்பாட்டு மேசை அப்படியே தரைக்குக் கீழே இறங்கும், சமையலறையில் உணவு அடுக்கப்பட்டு மறுபடி மேலே வரும். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான்: சாப்பிடும்போது பக்கத்தில் வேலைக்காரர் நிற்கக்கூடாது. பரிமாறும் கையை மறைக்கத்தான் அங்கே இயந்திரம் வந்தது.

குவாலியரில் நடந்தது இதற்கு நேர் எதிர் என்பது என் எண்ணம்.

அன்று இங்கிலாந்தில் மேட்டுக்குடி விருந்துகளுக்கு ஒரு முறை இருந்தது. சாப்பாடு முடிந்து பெண்கள் எழுந்து போன பிறகு ஆண்கள் மேசையிலேயே இருப்பார்கள், பணியாட்கள் வெளியேறிவிடுவார்கள். போர்ட் ஒயின் குப்பி கைக்குக் கை மாறும், எப்போதும் இடப்பக்கமாகவே. தானே ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். வைஸ்ராயும், சமஸ்தானத்தில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்டும், ராணுவ அதிகாரிகளும் வந்து உட்காருகிற மேசையில் இந்த முறை குவாலியரிலும் இருந்தது வியப்பில்லை. குப்பியைத் தள்ளும் வேலையை மட்டும் ஒரு ரயிலிடம் கொடுத்தார் குவாலியர் மகாராஜா மாதோ ராவ் சிந்தியா. அந்த ரயிலை ஓட்டும் விசைகள் மகாராஜாவின் கையருகே இருந்தன.

நம் ஊர்க் கல்யாணங்களில் வீட்டுக்காரர் பந்தி விசாரிப்பார். பரிமாற ஆள் இருந்தாலும், இலை இலையாக நின்று “இன்னும் கொஞ்சம் பாயசம்?” என்று கேட்பது அவர் வேலை, அவர் உரிமை. மாதோ ராவ் தன் நாற்காலியை விட்டு எழாமல் செய்தது அதைத்தான். யார் முன் நிற்பது, யாரைத் தாண்டிப் போவது என்பது அவர் விரலில் இருந்தது. பிடிக்காத விருந்தாளி கை நீட்டும்போது ரயிலை வேகமாக ஓட்டிவிடுவார் என்றும் சொல்வார்கள். அது உண்மையானால் பந்தி வஞ்சனைதான், அதை நான் மெச்ச மாட்டேன். ஆனால் அவர் யாரை உட்கார வைத்து அப்படிச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாதோ ராவ் 1876இல் பிறந்தவர். பத்து வயது நிறையுமுன் பட்டத்துக்கு வந்தார், 1894இல் முழு அதிகாரம் கிடைத்தது. முழு அதிகாரம் என்று பெயர். தலைக்கு மேல் ரெசிடென்ட் இருந்தார். மாதோ ராவின் தந்தை ஜெயாஜி ராவ் ஆக்ரா – குவாலியர் அகலப் பாதைக்கு 75 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தார். 1881இல் அந்தப் பாதை வந்தது. பணம் சிந்தியாவுடையது, ஓட்டுகிற அதிகாரம் ஆங்கிலேயருடையது. மகன் தனக்கென்று ஒரு ரயிலையே போட்டார். குவாலியர் லைட் ரயில்வே என்ற பெயரில் இரண்டடி அகலத் தண்டவாளம், நம் கணக்கில் 610 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பிண்டுக்கும் சிவபுரிக்கும் வண்டி ஓடியது. 1909இல் சியோப்பூர் வரை போயிற்று. அந்தத் தடம் மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கிராமத்து ஜனங்கள் கூரையிலும் ஏறிப் பயணம் செய்த அந்தக் குட்டி ரயில் 2020 வரை ஓடியது. மேசை ரயிலைப் பணக்கார விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பெரிய ரயிலை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் போட்டவர் ஒருவரே.

வெள்ளி ரயிலைச் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்து பாசெட்-லோக் நிறுவனம். ஆண்டு 1906. வென்மன் ஜோசப் பாசெட்-லோக் கொதிகலன் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாதிரி எஞ்சின்களைத் தபால் வழியே விற்கத் தொடங்கினார். ஹென்றி கிரீன்லி என்ற பொறியாளர் அவருக்கு வரைந்து கொடுத்தார். ஆளை ஏற்றிச் செல்லும் 15 அங்குலத் தண்டவாள ரயில்களையும் அவர்கள் 1905 முதல் செய்தார்கள். பொம்மை என்று சொன்னாலும், உண்மையான எஞ்சினை அறிந்த கைகள் செய்த வேலை அது.

அந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது நிற்கும் விதம். குப்பியைப் பெட்டியிலிருந்து தூக்கினால் ரயில் நின்றுவிடும், திரும்ப வைத்தால் கிளம்பும். குப்பியின் பாரம் இருக்கும்வரை மின்சுற்று சேர்ந்திருக்கிறது, பாரம் எடுபட்டால் சுற்று அறுகிறது. நாங்கள் ஓட்டிய மின்ரயிலிலும் இதே நியாயம்தான். கன்ட்ரோலர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். மோட்டார்மேன் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் மின்சாரம் அறுந்து பிரேக் பிடித்துவிடும். ‘டெட்மேன் ஹாண்டில்’ என்போம். எங்கள் தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒரு சாப்பாட்டு மேசையில், ஒயின் சிந்தாமல் இருக்க, பாரம் எடுபட்டதும் நிற்கிற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அதைச் செய்தவருக்கு ரயிலும் தெரிந்திருக்கிறது, மேசை நாகரிகமும் தெரிந்திருக்கிறது.

ஒருமுறை வைஸ்ராய்க்கான விருந்தில் மின்கோளாறு ஏற்பட்டு, ரயில் நிற்காமல் ஓடி, குழம்பையும் வறுத்த இறைச்சியையும் பட்டாணி மசியலையும் விருந்தினர் மடியில் கொட்டியது என்று டொமினிக் லாப்பியரும் லாரி காலின்ஸும் ‘நள்ளிரவில் சுதந்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார்கள். இந்த ரயிலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குப்பிகளுக்கென்று செய்த பெட்டிகள் அவை. குழம்புக் கிண்ணத்துக்கும் இறைச்சித் தட்டுக்கும் அவற்றில் இடம் எங்கே? மின்சுற்றில் கோளாறு வந்து ரயில் தறிகெட்டு ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் சிந்தியது போர்ட் ஒயினாகத்தான் இருக்கும்.

ஓடுகிற வண்டியில் திரவத்தைக் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. கிளம்பும் குலுக்கலில் பின்பக்கம் சிந்தும், நிற்கும் குலுக்கலில் முன்பக்கம் சிந்தும், வளைவில் வெளிப்பக்கம் சாயும். உயரமான, அடி குறுகிய கோப்பை வண்டியையே கவிழ்த்துவிடும். 1968இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் தண்டவாளம், மழையிலும் வெயிலிலும் வெளியே கிடந்தாலும் கெடாத பொருள். வீட்டுக்காரர்கள் அதைப் பூச்செடிகளுக்கு நடுவே ஓட்டினார்கள். பிறகு விருந்தாளி உட்காரும் இடம் வரை தடத்தை நீட்டினார்கள். தட்டையான சரக்குப் பெட்டியில் பலகை வைத்து, கோப்பை அளவுக்கு வட்டத் துளை போட்டால், கோப்பை பாதி உள்ளே இறங்கி உட்காரும், பாரம் தாழும். அந்த ரயிலின் மிகச் சிறிய வளைவுக்கு ஆரம் 600 மில்லிமீட்டர். வண்டி அதில் திரும்பும், நிறைந்த கோப்பை தாங்காது. பெரிய வளைவாகப் போட வேண்டும், முக்கால் கோப்பைக்கு மேல் ஊற்றக்கூடாது, வேகத்தை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கடலையும் பிஸ்கட்டும் என்றால் இந்தக் கவலையே இல்லை.

செக் நாட்டின் பிராக் நகரில், வென்சஸ்லாஸ் சதுக்கத்து உணவகம் ஒன்றில் பானங்கள் இப்படித்தான் மேசைக்கு வருகின்றன. நடைபாதை குறுக்கிடும் இடத்தில் தூக்குப்பாலமே வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் ஒரு ரயில் உணவகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். வறுத்த கோழியுடன் வண்டி எங்கள் மேசையை நோக்கித் திரும்பியதும் சின்னவன் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினான். எனக்கும் மகிழ்ச்சிதான். இருந்தாலும், அனுப்பியவர் முகம் தெரியவில்லை. தோட்டத்தில் ரயில் ஓட்டுகிறவர் விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, வண்டி அவரிடம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதோ ராவின் வழி வந்தவர் அவர்தான்.

குவாலியர் அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வெள்ளி ரயில் ஓடும் காட்சியை அங்கே திரையில் காட்டுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மின்மோட்டார் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் பிசுபிசுத்து இறுகும், தொடுமுனைகளில் களிம்பு ஏறும். நல்ல கைகள் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒரு நாள் அதை ஓட்ட முடியும். சியோப்பூர் தடத்தில் குட்டி ரயிலை இழந்த சபல்கரிலிருந்தும் ஜோராவிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த மேசையில் உட்கார வைக்கட்டும். ஒயின் வேண்டாம். அந்தப் பக்கத்தில் எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டுகிற மொரேனா கஜக் இருக்கிறது. ஏழு பெட்டியிலும் அதை நிரப்பி, ஒரு பிள்ளையின் கையில் விசையைக் கொடுக்கட்டும்.