இரட்டை இந்தியா பேல் ஏல் பீரின் வரலாறு

இரட்டை இந்தியா பேல் ஏல் என்பது ஹாப்ஸ் பூக்களை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சப்படும், ஆல்கஹால் அளவு கூடிய ஒரு பீர் வகை ஆகும். இது சுருக்கமாக இரட்டை ஐபிஏ என்றும் இம்பீரியல் ஐபிஏ என்றும் அழைக்கப்படுகிறது. சாதாரண பீரில் ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு இருக்கும். இவ்வகையில் அது பொதுவாக 7.5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ் போன்ற பழங்களின் மணமும் நாக்கில் நின்று மெல்ல மறையும் கசப்பும் இதன் அடையாளங்கள். இப்பழங்களில் எதுவும் இதில் சேர்க்கப்படுவதில்லை. அம்மணம் முழுவதும் ஹாப்ஸ் பூவிலிருந்தே வருகிறது.

இதன் பெயரில் இந்தியா இருந்தாலும் இது பிறந்தது 1990களின் அமெரிக்காவில். இதன் மூதாதையான இந்தியா பேல் ஏல் இங்கிலாந்தில் உருவானது. மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்தைத் தாங்குவதற்காக அந்தப் பழைய பீரில் ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இன்றைய இரட்டை ஐபிஏயோ சில வாரங்களுக்குள் அருந்தப்படாவிட்டால் தன் சிறப்பை இழந்துவிடுகிறது. ஒரே பூ இரண்டு காலங்களில் இரண்டு வேலைகளுக்குப் பயன்பட்டதே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

ஹாப்ஸ் பூவின் இயல்பு

ஹாப்ஸ் என்பது குளிர்ந்த, மிதவெப்பப் பகுதிகளில் வளரும் ஒரு கொடி. அதன் பெண் பூக்களில் லுபுலின் எனப்படும் மஞ்சள் நிறத் துகள்கள் உள்ளன. அவற்றில் பிசின்களும் நறுமண எண்ணெய்களும் அடங்கியிருக்கின்றன.

பிசின்களில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வேதிமாற்றம் அடைந்து ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. பீரின் கசப்புக்கு முதன்மைக் காரணம் இவையே. பீரைப் புளிக்கச் செய்யும் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் வளர்வதையும் இவை தடுக்கின்றன. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் பீரைக் கெடாமல் காத்தவற்றுள் ஹாப்ஸ் முக்கியமானது.

நறுமண எண்ணெய்களின் தன்மை இதற்கு நேர்மாறானது. மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்றவை நீண்ட நேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். எனவே மணம் வேண்டுவோர் காய்ச்சலின் கடைசி நிமிடங்களிலோ, நொதித்தலின் போதோ அதன் பின்னரோ ஹாப்ஸைச் சேர்க்கின்றனர். கொதிக்க வைக்காமல் சேர்க்கும் முறை உலர் ஹாப்ஸ் முறை எனப்படுகிறது. கசப்பு நெடுநாள் நிற்கும், மணம் விரைவில் போகும். இந்த வேறுபாடு பீரின் வரலாற்றிலும் பங்கு வகித்தது.

ஹாட்சன் கதையும் சான்றுகளும்

இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பீர்கள் வழியில் கெட்டுப்போயின என்றும், லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்சன் என்பவர் ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி இந்தியா பேல் ஏலைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அண்மைக் காலத்தில் பீர் வரலாற்றாய்வாளர்கள், குறிப்பாக மார்ட்டின் கார்னெல், பழைய செய்தித்தாள் விளம்பரங்களைக் கொண்டு இக்கதையைச் சோதித்துள்ளனர். அதன் பல பகுதிகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை 1760களிலேயே வழக்கில் இருந்தது. எனவே அது ஒருவருடைய கண்டுபிடிப்பு அல்ல. மேலும், போர்ட்டர் எனப்படும் கருநிற பீரும் அதே கப்பல்களில் இந்தியாவுக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. கம்பெனிப் படைவீரர்கள் அதையே பெரிதும் அருந்தினர். வெளிர்நிற பேல் ஏல் அதிகாரிகளும் வணிகர்களும் விரும்பிய பானமாக இருந்தது. பேல் ஏலும் போர்ட்டரும் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கல்கத்தா கெசட் இதழில் 1784இல் விளம்பரம் வெளியானது.

ஹாட்சனின் வெற்றிக்கு இடமும் கடனும் துணை நின்றன. 1752இல் தொடங்கப்பட்ட அவருடைய ஆலை கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அதற்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிச்சென்று இந்தியாவில் விற்க உரிமை பெற்றிருந்தனர். அவர்களுக்கு ஹாட்சன் ஆலை 18 மாதம் வரை கடன் கொடுத்தது. அருகிலேயே கிடைக்கும் சரக்கை, விற்றபின் பணம் தரலாம் என்ற ஏற்பாட்டில் அவர்கள் வாங்கிச் சென்றனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அப்பயணத்தில் கப்பல் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தது. அந்த வெப்பத்திலும் ஆட்டத்திலும் பீப்பாயில் இருந்த பீர் விரைவாக முதிர்ந்து பக்குவப்பட்டது. இந்த நன்மையை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

கண்டுபிடிப்பாளர் என்ற பெருமை ஹாட்சனுக்கு வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தது. 1869இல் பர்ட்டன் நகரைப் பற்றி வில்லியம் மாலினோ எழுதிய நூல் அவ்வாறு குறிப்பிட்டது. பின்னர் வந்த நூல்கள் அதையே திரும்பச் சொல்லின. ஒரு பழக்கவழக்கம் படிப்படியாக வளர்ந்த வரலாற்றைவிட ஒருவர் கண்டுபிடித்தார் என்ற கதை நினைவில் எளிதாகத் தங்கியது.

பர்ட்டன் நகரின் எழுச்சி

1820களின் தொடக்கத்தில் ஹாட்சன் ஆலையின் நிர்வாகம் விலையை உயர்த்தியது. கடனையும் குறைத்து, பீரைத் தானே இந்தியாவுக்கு அனுப்பி விற்க முயன்றது. இதனால் கப்பல் தலைவர்களும் கம்பெனியைச் சார்ந்த வணிகர்களும் அதிருப்தி அடைந்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பர்ட்டன் அபான் டிரென்ட் நகரின் ஆலைகள் தங்கள் ரஷ்யச் சந்தையை இழந்திருந்தன. 1822இல் ரஷ்யா விதித்த இறக்குமதி வரி அதற்குக் காரணம். கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவரான கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பிடம் இந்தியச் சந்தையில் இறங்குமாறு கூறினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆல்சாப்பைத் தொடர்ந்து பாஸ் முதலிய நிறுவனங்களும் இறங்கின.

பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், மிகுதி. அந்நீரில் காய்ச்சிய வெளிர்நிற பீர் தெளிவாகவும் கசப்பு துலங்குவதாகவும் இருந்தது. பிற ஊர்களின் காய்ச்சுநர்கள் தங்கள் நீரில் ஜிப்சம் கலந்து அந்த இயல்பைப் பெற முயன்றனர். இம்முறை இன்றும் பர்ட்டனாக்கம் என்றே அழைக்கப்படுகிறது.

கிழக்கிந்திய பேல் ஏல் என்ற பெயர் 1829இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரச் செய்தித்தாள் விளம்பரத்தில் காணப்படுகிறது. இந்தியா பேல் ஏல் என்ற வடிவம் 1835இல் லிவர்பூல் நகர இதழில் வந்தது. 1839இல் பர்ட்டனுக்கு ரயில் பாதை வந்தபின் அந்த பீர் இங்கிலாந்து முழுவதும் பரவியது. பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது.

சரிவு

இந்தியச் சந்தை நிலைக்கவில்லை. மலைப்பகுதிகளின் குளிர்ந்த காலநிலையைப் பயன்படுத்தி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலேயே பீர் ஆலைகள் தோன்றின. கசௌலி, மரீ, நீலகிரி ஆகிய இடங்களின் ஆலைகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தென்னிந்தியாவின் காசில், நீலகிரி ஆலைகள் உள்ளிட்ட ஐந்து ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றிணைத்ததே யுனைடெட் புரூவரிஸ் நிறுவனம்.

பிரிட்டனில் 1880 முதல் நொதிக்காத கரைசலின் அடர்த்தியைக் கொண்டு பீருக்கு வரி கணக்கிடப்பட்டது. முதல் உலகப் போரின்போது தானியக் கட்டுப்பாடுகளும் வந்தன. பீர்கள் மென்மையாயின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐபிஏ என்ற பெயரில் விற்ற பிரிட்டிஷ் பீர்கள் சிலவற்றில் ஆல்கஹால் 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அமெரிக்காவில் மறுபிறப்பு

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்த மதுவிலக்கால் சிறு ஆலைகள் பெரும்பாலும் மறைந்தன. அதன்பின் மென்மையான லாகர் பீர்களே சந்தையை நிரப்பின. இந்நிலையை மாற்றியதில் ஒரு புதிய ஹாப்ஸ் வகைக்குப் பெரும்பங்கு உண்டு. ஓரிகன் மாநிலத்தில் அமெரிக்க வேளாண்துறை உருவாக்கிய கேஸ்கேட் என்னும் அவ்வகை 1972இல் வெளியிடப்பட்டது. ஐரோப்பிய ஹாப்ஸின் மண், மூலிகை மணங்களுக்கு மாறாக இதில் கிரேப்ஃபுரூட் மணம் தெளிவாக இருந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் வெளியிட்ட லிபர்ட்டி ஏல் இவ்வகை ஹாப்ஸைக் கொண்டே உருவானது. சியரா நெவாடா நிறுவனம் 1980இல் தொடங்கிய பேல் ஏல் இந்த மணத்தை நாடெங்கும் அறிமுகம் செய்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்டார். கைவினை பீர் ஆலைகளைத் தொடங்கிய பலர் இவ்வாறு வீட்டில் பழகியவர்களே.

இரட்டிப்பின் தொடக்கம்

1994இல் கலிபோர்னியாவின் டெமெக்யூலா நகரில் பிளைண்ட் பிக் என்ற சிறு ஆலை தொடங்கப்பட்டது. அதன் காய்ச்சுநர் வின்னி சிலூர்சோ. ஆலையில் இருந்தவை பழைய கருவிகள். அவற்றால் முதல் பீரில் வேண்டாத சுவைகள் வரக்கூடும் என அவர் அஞ்சினார். அவற்றை மறைப்பதற்காகத் தன் ஐபிஏ செய்முறையில் ஹாப்ஸை இரட்டிப்பாக்கி, மால்ட்டையும் சுமார் 30 விழுக்காடு கூட்டினார். வணிக நோக்கில் காய்ச்சப்பட்ட முதல் இரட்டை ஐபிஏ இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ரோக் உள்ளிட்ட பிற ஆலைகளும் 1990களில் இதே திசையில் முயன்றதால் முதலிடம் குறித்து விவாதம் உண்டு.

சிலூர்சோ பின்னர் ரஷ்யன் ரிவர் ஆலைக்குச் சென்றார். 2000இல் ஹேவார்ட் நகர பீர் விழா ஒன்றுக்காக அவர் காய்ச்சிய பிளினி தி எல்டர் இவ்வகையின் அளவுகோலாக ஆனது. அதன் ஆல்கஹால் 8 விழுக்காடு. ரோமானிய இயற்கை நூலாசிரியர் மூத்த பிளினி குறிப்பிட்ட ஒரு செடி ஹாப்ஸாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அப்பெயர் சூட்டப்பட்டது. 2004இல் பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் இம்பீரியல் ஐபிஏயைத் தனி வகையாக ஏற்றது.

அடுத்த மாற்றம் வெர்மான்ட் மாநிலத்தில் நிகழ்ந்தது. தி ஆல்கெமிஸ்ட் ஆலையின் ஹெடி டாப்பர் வடிகட்டப்படாத, கலங்கலான இரட்டை ஐபிஏ ஆகும். 2011இல் ஐரீன் புயல் வெள்ளத்தில் அவ்வாலையின் பழைய விடுதி அழிந்தது. அதே ஆண்டு இந்த பீர் டப்பாவில் அடைக்கப்பட்டு வந்து பெரும்புகழ் பெற்றது. கசப்பைக் குறைத்துப் பழமணத்தைக் கூட்டும் போக்கு இதன்பின் வலுப்பெற்றது.

சுவைத்து மதிப்பிடும் முறை

பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10, வாயில் உணரும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு 3 எனப் பிரிக்கப்பட்டுள்ளது. கலங்கலான நிறமோ அழகான நுரையோ ஒரு பீரை அதிகம் உயர்த்துவதில்லை என்பதை இப்பங்கீடு காட்டுகிறது.

மணமே முதலில் பார்க்கப்படுகிறது. ஊற்றிய சில நிமிடங்களில் அது குறையத் தொடங்கும். மேற்பகுதி குறுகிய கண்ணாடிக் குவளை மணத்தைத் தேக்கித் தரும். எலுமிச்சைத் தோல், கிரேப்ஃபுரூட், பைன் பிசின், மாம்பழம் போன்ற மணங்களை நடுவர்கள் தனித்தனியே குறிப்பர். கசப்பு பன்னாட்டுக் கசப்பு அலகால் அளக்கப்படுகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் என்பது ஏறத்தாழ ஓர் அலகு. இரட்டை ஐபிஏயில் இது பெரும்பாலும் 60க்கு மேல் இருக்கும். எண் கூடியதாலேயே பீர் சிறந்ததாகிவிடாது. கசப்பைத் தாங்கும் அளவுக்கு மால்ட் இருக்க வேண்டும். ஆனால் இனிப்பு தேங்கிப் பாகுபோல் ஆகிவிடக் கூடாது. 8 விழுக்காடு ஆல்கஹால் தொண்டையில் எரிச்சலாகத் தெரிந்தால் அது குறையாகவே கருதப்படும். ஆல்கஹால் கூடுதல் என்பதால் நடுவர்கள் சிறிதளவே ஊற்றிச் சுவைக்கின்றனர்.

காலமும் கெடுதலும்

மதிப்பிடுவோர் முதலில் தேடுவது புட்டியிலோ டப்பாவிலோ அச்சிட்ட அடைப்பு நாளை. ஆக்சிஜன் பட்டால் ஹாப்ஸ் மணம் மங்கி, நனைந்த அட்டை போன்ற வாடை வரும். ஒளி பட்டால் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் சிதைந்து துர்நாற்றம் தோன்றும். பழுப்புநிறப் புட்டியும் டப்பாவும் விரும்பப்படுவது இதனால்தான். பிளினி தி எல்டரின் சீட்டிலேயே, வைத்திருந்து முதிர்விக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது.

பழைய இந்தியா பேல் ஏலை அருந்தியவர்கள் புதுப் பூவின் மணத்தை எதிர்பார்க்கவில்லை. மாதக்கணக்கில் முதிர்ந்த, தெளிந்த, கசப்பு மட்டுப்பட்ட பானமே அவர்களுக்குக் கிடைத்தது. ஹாப்ஸில் நீடித்து நிற்கும் பகுதி அவர்களுக்குப் பயன்பட்டது. இன்றைய இரட்டை ஐபிஏ அதே பூவில் விரைவில் மறையும் பகுதியைத் தேடுகிறது. குளிர்பதன வசதியும் விரைவுப் போக்குவரத்தும் வந்த பின்னரே இது இயன்றது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பாய்க்கப்பல் வந்த காலத்தில் இந்த பீரை அனுப்பியிருந்தால், அதன் எலுமிச்சை மணத்தில் பெரும்பகுதி வழியிலேயே மறைந்திருக்கும்.