மாற்று வரலாற்றுப் புனைவில் காந்தி

‘இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்கும் மாற்று வரலாற்றுப் புனைவுகளில் காந்தி பாத்திரமாக வரும் முக்கியமான படைப்பு, அமெரிக்க எழுத்தாளர் ஹாரி டர்டில்டவ் எழுதிய ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ சிறுகதை (1988). கதையில் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தோற்றுவிட்டது. 1947இல் டெல்லி ஜெர்மானியர் கையில். படைத்தலைவர் வால்டர் மோடல். நிஜ மோடல் 1945 ஏப்ரலிலேயே தற்கொலை செய்துகொண்டவர். பிரிட்டிஷாரிடம் பலித்த சத்தியாகிரகத்தைக் காந்தி நாஜிகளிடமும் தொடங்குகிறார். ஊர்வலத்தினர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள், முடிவில் காந்தியும். அகிம்சையே தம் கொள்கையின் முதலும் கடைசியும் என 1922இல் அகமதாபாத் விசாரணையில் அவர் சொன்னதிலிருந்து தலைப்பு பிறந்தது.

ஆசிரியர் காற்றில் கோட்டை கட்டவில்லை. ஜெர்மனியின் யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்று 1938 நவம்பரில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் உண்மையாகவே எழுதினார். தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1939இல் கடுமையாகப் பதில் எழுதினார். போலந்திலிருந்து தப்பிவந்த யூதர் ஒருவரின் எச்சரிக்கையைக் கதையின் காந்தி நம்ப மறுப்பது இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் தமிழருக்கு நெருக்கமான காந்தி வேறொருவர். ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க நின்றவர். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் 1894இல் டர்பனில் காந்தியிடம் வந்தார். ஒப்பந்தம் முடிந்தவர்கள்மீது விதித்த 3 பவுன் வரியை எதிர்த்து 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளரைத் தூண்டியவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தனர். அங்கும் துப்பாக்கி பேசியது, உயிர்கள் போயின. ஆனால் சேதி இந்தியாவை எட்டியது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சென்னையிலேயே சத்தியாகிரகிகளுக்காகப் பரிந்து பேசினார். 1914இல் வரி நீங்கியது. டர்டில்டவின் உலகில் இல்லாமல்போனது இந்தக் கேட்கும் காதுதான். கதை சோதிப்பது காந்தியின் மன உறுதியை அல்ல, அந்தக் காதின் இன்மையை.

நேட்டால் தவிரப் பிற காலனிகளுக்குத் தொடர்ந்த கூலிக் கப்பல்களை 1917 மார்ச்சில் நிறுத்தியது காந்தியின் இயக்கம் மட்டுமல்ல. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும்தான். இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணை வந்தது. மறு ஆண்டே காந்தி கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்தார். அங்கே முன்பு நடந்த வரி கொடாப் போராட்டத்தில் அவருக்கு இலவசமாக வண்டி கொடுத்த விவசாயிகள், இம்முறை வாடகைக்குக்கூடக் கொடுக்கவில்லை.