கேன்சரை மறைத்தது யார்?

இன்னைக்குத் தமிழ் சினிமாவில் வந்த கேன்சரைப் பற்றிப் பேசலாம்.

1962-இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. கதை நடப்பதே ஆஸ்பத்திரியில்தான். முத்துராமனுக்குப் புற்றுநோய், மனைவி தேவிகா கூடவே இருக்கிறார். வைத்தியம் பார்க்கும் டாக்டர் கல்யாண்குமார், தேவிகாவின் பழைய காதலர். கடைசியில் நோயாளி பிழைக்கிறார், டாக்டர் இறந்துபோகிறார்.

20 வருஷம் தள்ளி வாங்க. ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ ரெண்டுமே 1982. கமலுக்கும் மோகனுக்கும் புற்றுநோய். ரெண்டு பேருமே காதலியிடம் மறைத்து, அவளே வெறுக்கும்படி நடந்துகொள்கிறார்கள். சிகிச்சையைவிடத் தியாகம்தான் அங்கே கதை.

இத்தனைக்கும் சென்னையில் அப்போதே சிகிச்சை இருந்தது. 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்பை மறக்காத அவர்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

எங்க வீட்டில் நடந்தது சினிமாவுக்கு நேர் எதிர். ராஜபாளையத்தில் பெரியம்மாவுக்கு இந்த வியாதி வந்தப்போ, மறைச்சது நாங்க. “வயித்துப்புண்”ணுன்னு சொன்னோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரங்களிடம், “எதுவும் பேசிடாதீங்க”ன்னு வாசலிலேயே சொல்லிவைத்தோம்.

ஒருநாள் பெரியம்மா என்னிடம், “எனக்கு என்னன்னு தெரியும்டா. அதைப் பத்திப் பேசத்தான் ஆளில்ல”ன்னாங்க.

கமலும் மோகனும் தனியா அழுதது அவங்க எடுத்த முடிவு. பெரியம்மாவுக்கு அந்த முடிவை நாங்க எடுத்துட்டோம்.