வாக்குக் கேட்காத அரசியல்

1870 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டில் ஹைரம் ரெவல்ஸ் பதவியேற்றார். மெதடிஸ்ட் போதகர், மிசிசிப்பிக்காரர், அந்த அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். அங்கே போதகர் ஏறிப் பேச ஓர் அவை இருந்தது. அதே காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் அவையும் இல்லை, வாக்கும் இல்லை. அதை வைத்து இங்கே குருமார் அரசியல் செய்யவில்லை என்று முடிவு கட்டினால் புராட்டஸ்டன்ட் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லைப் பாதிதான் தெரிந்துகொண்டவர்களாவோம்.

மிஷனுக்கு ஆதரவு தேடி அவர் 1849-இல் வெளியிட்ட சிறுநூல், அன்று சாணார் எனக் குறிக்கப்பட்ட நாடார்களைப் பேய் வழிபாட்டினர், அறிவில் பின்தங்கியவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் எழுதியது. அந்த மக்களுக்கு அது மதப் பிரச்சினையாகப் படவில்லை, மரியாதைப் பிரச்சினையாகப் பட்டது. அவர்களில் ஒருவரான சட்டாம்பிள்ளை, மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். ஞாயிறைத் தள்ளிவிட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். வெள்ளைக்காரக் குருமாரின் கிழமையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்.

கால்டுவெல் அடிப்படையில் அறிஞர், 1856-இன் திராவிட மொழி ஒப்பிலக்கணமே அதற்குச் சான்று என்பார்கள். மறுப்பதற்கில்லை. சென்னைக் கடற்கரையில் 1968-இல் அவருக்குச் சிலை வந்தது அதற்காகத்தான். ஆனால் 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலி வரலாற்றைக் கையில் எடுங்கள். ஆங்கிலத் தலைப்பிலேயே 'அரசியல்' என்ற சொல் இருக்கிறது. அச்சிட்டது சென்னை அரசாங்க அச்சகம். பாளையக்காரர் சண்டைகளை விரிவாகச் சொல்லிவிட்டு, 1801-இல் சீமை கும்பினி கைக்குப் போனதோடு நூல் நின்றுவிடுகிறது. அதன்பின் சொல்ல வரலாறே இல்லை என்பதுபோல! ஒரு வரலாற்றை எங்கே முடிப்பது என்று தீர்மானிப்பதில் அரசியல் இல்லாமல் இருக்குமா?

1876–78 பஞ்சத்தில் மிஷன் கஞ்சி ஊற்றியதே, அதுவும் அரசியலா என்று கேட்கலாம். பசித்தவனுக்கு அது கஞ்சிதான். ஆயினும் அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர முன்வந்தார்கள். அந்தக் கணக்கு லண்டன்வரை போயிற்று. 1877-இல் உதவிப் பேராயரான கால்டுவெல்லுக்குப் பின்னால் இந்த ஆள்பலமும் நின்றது.

அவர் குடிபெயர்ந்த இடத்திலும் இதே கணக்கைப் பார்க்கலாம். தூத்துக்குடியிலிருந்து நெல்லைச் சாலையில் வந்து புதுக்கோட்டையில் தெற்கே திரும்பினால் சாயர்புரம். அங்கே ஜி. யு. போப் தொடங்கிய பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1883-இல் கால்டுவெல்லின் பெயரோடு தூத்துக்குடிக்கு மாறியது. அவரும் அங்கே குடிபோனார். பனைமரக்காட்டு இடையன்குடியிலேயே நாற்பது வருடம் இருந்தவர் ஏன் கடலோரம் போனார்? அங்கே முத்துக்குளித்த பரதவர் 1530-களிலிருந்தே கத்தோலிக்கர். பனிமய மாதா கோயில் நிற்கிற ஊர் அவருக்கு எளிதில் இடங்கொடுக்காது. ஆனால் 1876-இலேயே ரயில் வந்துவிட்டது. துறைமுகமும் வியாபாரமும் அங்கே இருந்தன. இங்கிலீஷ் படித்த பையனுக்கு உத்தியோகமும் அங்கேதான் இருந்தது. நாடார் வணிகமும் அந்தத் திசையில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரைத் தேரிக்காட்டு இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள்.