பிட்ச்சரை மாற்றலாமா, வேண்டாமா?
பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு நூற்றாண்டு விவாதமும் அதன் கணிதமும்

2003-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் யாங்கி ஸ்டேடியத்தில் அமெரிக்கன் லீகின் கோப்பையை முடிவு செய்யும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 5-2 என முன்னணியில் இருந்தது. அந்த அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், பெட்ரோ மார்ட்டினஸ். அக்காலத்தின் தலைசிறந்த பிட்ச்சர்களுள் ஒருவர். ஏழு இன்னிங்சில் 100 பந்துகள் வீசிவிட்ட அவரை, மேனேஜர் கிரேடி லிட்டில் எட்டாவது இன்னிங்சிலும் வீசச் செய்தார். எதிரணி அடுத்தடுத்து அடித்து மூன்று ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தது. பதினோராவது இன்னிங்சில் வென்றும் விட்டது. “களைத்தவரை ஏன் மாற்றவில்லை?” என்று பாஸ்டன் நகரமே கேட்டது. சில நாட்களில் லிட்டில் பதவி இழந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 27 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் அணி 1-0 என முன்னணி. அதன் பிட்ச்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே வீசியிருந்தார். ஒன்பது மட்டையாளர்களைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றியிருந்தார். எனினும் ஆறாவது இன்னிங்சில் மேனேஜர் கெவின் கேஷ் அவரை மாற்றினார். புதிதாக வந்தவரின் பந்துகளில் எதிரணியான டாட்ஜர்ஸ் உடனே இரண்டு ஓட்டங்கள் பெற்று, 3-1 என வென்று, கோப்பையையும் கைப்பற்றியது. “நன்றாக வீசியவரை ஏன் மாற்றினீர்கள்?” என்று இப்போது எல்லாரும் கேட்டனர்.

ஒருவர் மாற்றாமல் தோற்றார். மற்றவர் மாற்றித் தோற்றார். இருவருமே பழிக்கு ஆளாயினர். இருவருமே தவறு செய்தார்களா? ஒரு முடிவு சரியா, தவறா என்பதை அதன் விளைவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலுமா? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்கர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்குப் பேஸ்பாலைப் புரிந்துகொள்வது கடினமன்று. சதுர வடிவில் நான்கு தளங்கள் உள்ளன. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, தளங்களை வரிசையாகச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். ஒன்பது மட்டையாளர்களும் வரிசை மாறாமல் சுழன்று வருவர். பிட்ச்சர் எல்லைக்குள் வீசிய பந்துகளில் மூன்றை வீணடித்தவர் வெளியேற வேண்டும். எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் சென்றால் மட்டையாளர் முதல் தளத்தை இலவசமாகப் பெறுவார். ஒருமுறை மாற்றப்பட்ட பிட்ச்சர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது. எனவேதான் மாற்றும் முடிவு இவ்வளவு கனமானதாகிறது.

தொடக்க காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை எனலாம். பந்து வீசத் தொடங்கியவர் முடியும்வரை வீசுவதே வழக்கம். 1904-இல் நியூயார்க் அணியின் ஜாக் செஸ்ப்ரோ ஒரே பருவத்தில் 48 ஆட்டங்களை முழுமையாக வீசி, 41 வெற்றிகளைக் கண்டார். ஆனால் பருவத்தின் கடைசி நாளன்று, ஒன்பதாவது இன்னிங்சில், அவர் வீசிய ஒரு பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலே பறந்தது. பாஸ்டன் அணி வென்று கோப்பையை அடைந்தது. மக்கள் 41 வெற்றிகளை மறந்து அந்த ஒரு பந்தையே நினைவில் வைத்துக்கொண்டனர்! இன்றோ நிலைமை தலைகீழ். முப்பது அணிகளும் சேர்ந்து ஆடும் ஒரு முழுப் பருவத்தில், ஆட்டம் முழுவதையும் ஒரே பிட்ச்சர் வீசி முடிப்பது 2023-இல் நாற்பது முறை கூட நிகழவில்லை.

எண்கள் புகுந்த கதை

பேஸ்பாலில் கணக்கைப் புகுத்தியவர் ஓர் ஆங்கிலேயர். 1824-இல் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக், முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர். 1850-களில் பேஸ்பாலின் பக்கம் திரும்பிய அவர், ஆட்டத்தின் நிகழ்ச்சிகளைச் சிறு கட்டங்களில் அடக்கும் அட்டவணையை அமைத்தார். மட்டைச் சராசரி பரவியதும் அவர் முயற்சியால்தான். ஆனால் மட்டையாளர் பொறுமையோடு நின்று இலவசத் தளம் பெறுவதை அவர் திறமையாகக் கருதவில்லை. இந்த விடுபாடு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆட்டக்காரர்களின் மதிப்பீட்டைப் பாதித்தது. எதை எண்ணுகிறோமோ அதுவே நம் கண்ணுக்குத் தெரியும். எண்ணாமல் விட்டது இருந்தும் இல்லாததாகிவிடும். இது ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும் உண்மையாகும்.

1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஆலன் ராத் என்னும் கனடா நாட்டவரை அணியின் முழுநேரப் புள்ளியியலாளராக நியமித்தார். மட்டையாளர் எந்த வழியிலாவது தளத்தை அடைவதே முக்கியம் என்று அவர்கள் கண்டனர். 1954-இல் ரிக்கி இதைப் பத்திரிகைக் கட்டுரையாகவே எழுதினார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஜார்ஜ் லிண்ட்சே. கனடா நாட்டின் பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய அறிவியலாளர். அவருடைய தந்தை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டங்களைக் கேட்டும் பார்த்தும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளைக் கொண்டு, எந்தத் தளத்தில் ஆள் இருக்கிறார், எத்தனை பேர் ஆட்டமிழந்துள்ளனர் என்ற ஒவ்வொரு நிலைக்கும், அந்த இன்னிங்சில் இனிமேல் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கிடைக்கும் என்று லிண்ட்சே 1963-இல் கணக்கிட்டு வெளியிட்டார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். யாரும் ஆட்டமிழக்கவில்லை; முதல் தளத்தில் ஒருவர் நிற்கிறார். அப்போது எதிர்பார்க்கத்தக்க ஓட்டங்கள் சுமார் 0.81. அடுத்த மட்டையாளர் பந்தை மெல்லத் தட்டி, தான் ஆட்டமிழந்து, முன்னவரை இரண்டாம் தளத்திற்கு நகர்த்துவதை அக்காலத்தில் சிறந்த தியாகமாகப் போற்றினர். அப்படிச் செய்தபின் நிலை என்ன? ஒருவர் ஆட்டமிழந்தார், இரண்டாம் தளத்தில் ஒருவர். எதிர்பார்க்கத்தக்க ஓட்டங்கள் சுமார் 0.67. தியாகம் செய்தும் நட்டம்தான்! பல தலைமுறைகளாகப் போற்றப்பட்ட ஒரு வழக்கத்தை இரண்டு தசம எண்கள் கேள்விக்குள்ளாக்கின.

காவலாளி எழுதிய ஏடு

இந்த ஆராய்ச்சிகளைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்துக்கொண்டே, 1977-இல் தம் முதல் பேஸ்பால் ஏட்டைத் தாமே வெளியிட்டார். விற்றவை ஏறத்தாழ 75 படிகள்தாம். அவர் மனம் தளரவில்லை. “எல்லாரும் சொல்கிறார்கள்” என்பதைச் சான்றாக ஏற்காமல், ஒவ்வொரு நம்பிக்கையையும் கணக்கில் போட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் அவர் நூல்கள் நாடெங்கும் விற்பனையாயின. 2002-இன் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியே அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. லிட்டில் மார்ட்டினஸை மாற்றாமல் விட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் எண்கள் இருந்தன. களத்தில் முடிவெடுத்தவரின் கையில் இருந்தது பழைய நம்பிக்கை.

வெற்றி யாருடையது?

ஒரு பிட்ச்சரின் மதிப்பை எப்படி அளப்பது? நெடுங்காலம் ‘வெற்றி - தோல்வி’ எண்ணிக்கையே அளவுகோலாக இருந்தது. 1987-இல் ஹூஸ்டன் அணியின் நோலன் ரையன் ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக 2.76 ஓட்டங்களே விட்டுக்கொடுத்தார். நேஷனல் லீகில் அவ்வாண்டு அதுவே மிகச் சிறந்தது. ஆனால் அவர் பெயரில் பதிவானவை 8 வெற்றிகள், 16 தோல்விகள்! காரணம், அவர் அணியின் மட்டையாளர்கள் ஓட்டம் எடுக்கவில்லை. அளவுகோல் அளந்தது அவரையன்று. அவருடைய தோழர்களையும் சேர்த்தேயாகும். 2010-இல் நிலை மாறியிருந்தது. பதின்மூன்று வெற்றிகளே பெற்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு, அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வழங்கப்பட்டது.

2001-இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்னும் இளைஞர் இன்னும் வியப்பான கருத்தை வெளியிட்டார். மட்டையில் பட்டு மைதானத்திற்குள் விழும் பந்துகளில் சுமார் பத்தில் மூன்று தப்பிச் சென்று மட்டையாளருக்குத் தளம் தருகின்றன. இந்த விகிதம் ஒரே பிட்ச்சருக்கு ஓராண்டு உயர்ந்தும் மறு ஆண்டு தாழ்ந்தும் காணப்படுகிறது. எனவே அதில் பிட்ச்சரின் திறமையைவிடத் தற்செயலுக்கும் களக்காப்பாளர்களுக்குமே பங்கு அதிகம் என்றார் அவர். பிட்ச்சருக்கும் இதில் ஓரளவு பங்குண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆயினும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

தற்செயலின் அளவு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம். உண்மைத் திறன் 0.280 உடைய மட்டையாளர் ஒருவர் 500 முறை ஆடுகிறார் எனக் கொள்வோம். திட்ட விலக்கம் என்பது 0.28 × 0.72 ÷ 500 என்பதன் வர்க்கமூலம், அதாவது 0.02. ஆகவே அவர் திறன் சிறிதும் மாறாமலே, ஓராண்டு 0.260 என்றும் மறு ஆண்டு 0.300 என்றும் சராசரி காட்டக்கூடும். முதல் ஆண்டு ‘சோம்பேறி’ என்ற ஏச்சும், மறு ஆண்டு ‘வீரன்’ என்ற மாலையும் கிடைக்கும். மனிதர் ஒருவரே!

ஓர் இரவு எதைக் காட்டும்?

இனித் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஒரே மட்டையாளரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பிட்ச்சர் அதிகமாக அடிவாங்குகிறார் என்பது பல்லாயிரம் ஆட்டங்களில் கண்ட உண்மை. பிட்ச்சர் களைக்கிறார், மட்டையாளருக்கோ அவர் பந்து பழகிவிடுகிறது. கேஷ் நம்பியது இதையே.

மாற்றினால் வெற்றி வாய்ப்பு 70 விழுக்காடு, மாற்றாவிட்டால் 66 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாற்றுவதே சரி. ஆனாலும் பத்தில் மூன்று முறை தோல்விதான்! இந்த நான்கு விழுக்காடு வேறுபாட்டை ஆட்ட முடிவுகளைக் கொண்டே ஓரளவு உறுதியாகக் கண்டறிய, ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 1,100 ஆட்டங்கள் வேண்டும். ஒரே இரவின் முடிவைக் கண்டு “தவறு” என்று கூவுவது, ஒரு முறை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து நாணயம் கோணல் என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் கேஷின் முடிவில் குறையே இல்லையா? உண்டு. ஆனால் அது விளைவில் இல்லை. முடிவெடுத்த நேரத்தில் தெரிந்திருந்த செய்திகளில் உள்ளது. கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் ஒரு பெருந்திரளுக்கு உரியது. அணுக்கள் அனைத்தும் ஒரே தன்மையானவை; ஆகவே அந்தச் சராசரியை எந்த அணுவுக்கும் தயங்காமல் பொருத்தலாம். மனிதர்கள் அப்படியல்லர். ஸ்னெல் அன்று டாட்ஜர்ஸின் முதல் மூன்று மட்டையாளர்களை இருமுறை சந்தித்து, ஆறு முறையும் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றியிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த நிக் ஆண்டர்சனோ, முந்தைய பல ஆட்டங்களில் தொடர்ந்து ஓட்டங்களை விட்டுக்கொடுத்து வந்தவர். ‘களைக்கும் பிட்ச்சர்’ என்ற சராசரியை ‘புதிய பிட்ச்சர்’ என்ற சராசரியோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. அன்றைய ஸ்னெல்லை அன்றைய ஆண்டர்சனோடு ஒப்பிட வேண்டும். ரசிகர்களின் கோபத்தில் இந்தப் பகுதி நியாயமானது. “தோற்றதால் தவறு” என்ற பகுதி நியாயமற்றது.

லிட்டிலின் நிலை வேறு. நூறு பந்துகளுக்கு மேல் மார்ட்டினஸின் ஆற்றல் குறைகிறது என்பது அணியின் கணக்குகளில் இருந்தது. அன்றும் இரண்டு மட்டையாளர்கள் அடித்துத் தளத்தை அடைந்திருந்தனர். பழைய எண்ணும் புதிய காட்சியும் ஒரே திசையைக் காட்டின. லிட்டில் களத்துக்குள் சென்று பேசிவிட்டு, அவரை அங்கேயே விட்டுத் திரும்பினார். அந்த ஆட்டத்தை ரெட் சாக்ஸ் வென்றிருந்தாலும்கூட, அந்த முடிவு தவறானதாகவே இருந்திருக்கும். வென்றிருந்தால் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

இது பந்தாட்டத்திற்கு மட்டும் உரியதன்று. மழையை நம்பி விதைக்கும் உழவர், அறுவை செய்யலாமா என்று தயங்கும் மருத்துவர், தேர்வுக்கு எப்பாடத்தை முதலில் படிப்பது என்று யோசிக்கும் நீங்கள், எல்லாரும் நிகழ்தகவின் ஆட்சிக்குள் நின்றே முடிவெடுக்கின்றீர்கள். விளைவு கைகூடாதபோது, “அப்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது? அதை நான் முழுவதும் பயன்படுத்தினேனா?” என்று கேளுங்கள். விளைவு கைகூடியபோதும் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டாவதுதான் கடினம், பெரும்பாலும் நாம் அதைக் கேட்பதே இல்லை.