பாடுவோருக்குக் குரல் கம்மினால்

மார்கழி பஜனைக்குப் பின் குரல் கம்மி மருத்துவமனைக்கு வருவோர் பலரும் பனங்கற்கண்டைச் சுவைத்தபடியே வருகின்றனர். அது தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய்க்கே செல்கிறது; குரல்நாண்களைத் தொடுவதில்லை. பாடும்போது நொடிக்கு 100 முறைக்கும் மேல் அதிரும் அந்நாண்களுக்கு ஈரப்பதமும் ஓய்வுமே தேவை. நாள் முழுவதும் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வன்று. அதுவும் நாண்களுக்குச் சுமையாகலாம். செருமத் தோன்றினால் ஒரு மிடறு நீர் விழுங்குங்கள். மேல் ஸ்தாயி எட்டாவிடில் சுருதியை அரைக்கட்டை குறைத்துக்கொள்ளுங்கள், அதில் இழுக்கொன்றுமில்லை. கம்மிய குரலிலேயே தொடர்ந்து பாடினால் நாண்களில் முடிச்சுகள் உருவாகக்கூடும். கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ளவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மூச்சுத்திணறலோ, இருமும்போது இரத்தமோ காணப்பட்டால் காத்திராமல் அன்றே செல்லுங்கள்.