அடியில் கிடந்த வரலாறு

மெக்சிகோ நகரின் பெருஞ்சதுக்கத்திலே நிற்கிறோம். எதிரே வானளாவிய பேராலயம்! 1573-இல் தொடங்கி 1813-இல் முடிந்த கட்டடம். அண்ணாந்து பார்க்கும் நாம், அடியில் கிடப்பதையும் எண்ண வேண்டாமா?

1521-இல் ஸ்பானியர் வீழ்த்திய ஆஸ்டெக் தலைநகரின் இடிபாடுகள் மீதே இச்சதுக்கம் எழுந்தது. இடிக்கப்பட்ட கோயிலின் கற்கள், வென்றவரின் முதல் ஆலயத்திற்குப் பயன்பட்டன. சுமந்தவர் யார்? தோற்ற அம்மக்களே!

புதைத்த வரலாறு பொசுங்கிவிடவில்லை. 1790-இல் சதுக்கத்தைத் தோண்டியபோது சூரியக்கல் வெளிப்பட்டது. 1885 வரை பேராலயத்தின் சுவரிலேயே பதிந்திருந்தது. 1978-இல் மின்துறைத் தொழிலாளர் அருகே குழி தோண்ட, பெண் தெய்வம் செதுக்கிய பெருங்கல் கிடைத்தது, பழங்கோயில் அகழப்பட்டது.

அக்கோயிலில் மாந்தர் பலியிடப்பட்டதை மறைக்கமாட்டோம். வென்றவரின் வாளையும் வாழ்த்தமாட்டோம். தெய்வம் மாறிற்று, கல் சுமந்த தோள் மாறவில்லை! அத்தோளின் கதையை மாணவர்க்குச் சொல்வதே நம் கடன்.